மழைக்கான வேலை சித்திரையில், வெயிலுக்கான வேலை தையில்

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு கொத்தனாருக்குப் போன் போட்டு, "மாடி ஒழுகுது, வந்து பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். "மழை விடட்டும் சார், வர்றேன்" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஈரத் தளத்தில் எதைப் பூசினாலும் நிற்காது. மழை விட்டதும் அவரும் மறந்துவிடுவார், நாமும் மறந்துவிடுவோம். சீலிங்கில் இருந்த பழுப்பு வட்டம் மாசிக்குள் காய்ந்து வெளிறிவிடும். அதற்குள் வெயில் ஏறி, ஏ.சி. வாங்குகிற பேச்சு வந்துவிடும். ஐப்பசியில் மறுபடியும் அதே இடத்தில் பக்கெட்.

நானும் சில வருடம் இப்படித்தான் ஓட்டினேன். தாம்பரம் பக்கம் பழைய வீடு. மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்த மொட்டை மாடி, கீழே இரண்டு படுக்கையறை. வாங்கிய புதிதில் எதற்கு யாரைக் கூப்பிடுவது, எதை நாமே செய்வது என்று ஒன்றும் தெரியாது. இது அப்படிப் புதிதாக வீட்டுப் பொறுப்பு வந்து விழுந்தவர்களுக்காக. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் பாதி பயன்படும்.

முதலில் காலக்கணக்கு. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. சென்னையில் வருடத்துக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28 வரை. மழைக்கான பூச்சு வேலைக்குக் காய்ந்த தளம் வேண்டும், ஆகவே அது பங்குனி, சித்திரை, வைகாசியில். வெயிலுக்கான வேலை வெயில் வருவதற்குள், தை மாசியில். கன்னியாகுமரி, தென்காசி, வால்பாறை, நீலகிரிப் பக்கம் ஜூனிலேயே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அங்கே இருப்பவர்கள் மழை வேலையைச் சித்திரை முடிவதற்குள் முடித்துவிட வேண்டும்.

கறை என்ன சொல்கிறது?

காசு செலவழிப்பதற்கு முன்னால் ஒரு சாக்பீஸ், டார்ச், ஐந்து ரூபாய் நாணயம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சுவரில் ஈரம் என்றாலே எல்லோரும் மாடியைத்தான் சந்தேகப்படுகிறோம். பல வீடுகளில் மாடி நிரபராதி.

கோடையிலும் காயாத கறை என்றால் அது மழை சம்பந்தப்பட்டதே இல்லை. பாத்ரூம் சுவரின் மறுபக்கமா, தண்ணீர்க் குழாய் போகிற வழியா என்று பாருங்கள். கொத்தனாருக்கு முன்னால் பிளம்பர்தான் வர வேண்டும். சுவரின் அடியில், முழங்கால் உயரம் வரை, வரிசையாக பெயின்ட் பொரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது தரையிலிருந்து ஏறுகிற ஓதம். மாடியில் எத்தனை ஆயிரம் கொட்டினாலும் அது போகாது. காற்றோடு அடிக்கிற மழைக்கு மட்டும் வருகிற ஈரம், ஜன்னல் ஓரத்திலிருந்தோ சுவர் விரிசலிலிருந்தோ வருவது. காற்றில்லாமல் நின்று நிதானமாகப் பெய்கிற மழைக்கு, அதுவும் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, சீலிங்கில் வட்டமாக வருகிறதே, அதுதான் மாடி.

ஃபேன் கொக்கியிலிருந்தோ லைட் பாயின்டிலிருந்தோ தண்ணீர் சொட்டினால் அந்த அறைக்கான எம்.சி.பி.யை, அதாவது போர்டில் கரண்டை நிறுத்தும் சுவிட்சை, உடனே இறக்கிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் வீட்டில் ஃபேனைச் சுற்றித்தான் கறை. இரண்டு முறை மாடி முழுக்க வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தேன். இரண்டு முறையும் கார்த்திகையில் கறை திரும்பி வந்தது. மூன்றாம் வருடம் பக்கத்துத் தெரு மேஸ்திரி ஒருவர் வந்தார், அறுபது வயதிருக்கும். பூச்சைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. "எந்த மழைக்கு சார் ஒழுகுது, சாரலுக்கா, அடை மழைக்கா?" என்றார். யோசித்தேன். "பெய்ய ஆரம்பிச்சு எவ்வளவு நேரத்துல?" அதற்கும் பதில் இல்லை. "கவனிச்சு வச்சிருந்தா எனக்கு வேலை கம்மி" என்று சிரித்துவிட்டு ஒரு குடம் தண்ணீரும் குவளையும் கேட்டார்.

தளத்தின் தாழ்ந்த ஓரத்திலிருந்து தொடங்கினார். மேட்டிலிருந்து தொடங்கினால் தண்ணீர் ஓடி வந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது என்றார். தண்ணீர் போகிற குழாய் வாயில் நாலு குவளை. அரை மணி நேரம் உட்கார்ந்து பீடி. கீழே என் மனைவி சீலிங்கைப் பார்த்தபடி நாற்காலியில். ஒன்றுமில்லை. அடுத்து கைப்பிடிச் சுவரின் அடி மூலை. மறுபடி அரை மணி நேரம், ஒன்றுமில்லை. மூன்றாவது இடம், முன்பு குடியிருந்தவர்கள் டிஷ் ஆன்டெனா மாட்டியிருந்த இடம். ஆன்டெனாவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்; போல்ட் போட்டிருந்த நாலு துளை மட்டும் பென்சில் பருமனில் இருந்தது. அதன் மேலேயே பூச்சு அடித்திருந்தேன்; மேலே தோல் மாதிரி மூடி, வெயிலில் மறுபடி வாய் திறந்திருக்கிறது. மேஸ்திரி ஊற்றிய தண்ணீர் தேங்கவே இல்லை, சுர்ரென்று உள்ளே போனது. இருபது நிமிஷத்தில் கீழேயிருந்து சத்தம்: "ஏங்க, ஃபேன் கிட்ட நசநசன்னு வருது!"

துளைக்கும் ஃபேனுக்கும் எட்டு அடி தூரம். தட்டோட்டுக்கு அடியில் வாட்டம் (சரிவு) பார்த்து ஓடி, கரண்டு பைப் வழியாக இறங்கி, ஃபேன் பெட்டியில் எட்டிப் பார்த்திருக்கிறது. துளையைச் சுத்தம் செய்து, வாட்டர்ப்ரூஃப் திரவம் கலந்த சிமென்ட் பாலை ஊற்றி நிரப்பி, மேலே எம்-சீல் என்கிற ஒட்டும் மாவை வைத்து அடைத்தார். பொருள் செலவு இருநூறு ரூபாய்க்குள். கூலியைச் சேர்த்தாலும் நான் இரண்டு முறை அடித்த பூச்சுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

குவளைச் சோதனையை நீங்களே செய்யலாம், ஆள் இரண்டு பேர் போதும். தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்தால் எந்த வழியாக வந்தது என்பது இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் சீலிங் பெயின்ட் நீலமாகும். மறுபடி வெள்ளை அடிக்க உத்தேசம் இருந்தால் மட்டும்.

சிலர் குழாய் வாயைத் துணியால் அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு: ஒரு சதுர அடியில் ஒரு அங்குல உயரத் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட 2.4 லிட்டர். ஆயிரம் சதுர அடியில் இரண்டு அங்குலம் கட்டினால் நாலே முக்கால் டன் எடை. நல்ல கான்கிரீட் தளம் தாங்கும். ஆனால் கம்பி துருப்பிடித்து சிமென்ட் உதிர்கிற தளத்திலும், மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸிலும் வேண்டவே வேண்டாம். களிமண்ணால் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, பகுதி பகுதியாகச் சோதித்தால் போதும்.

சித்திரையில் மாடி

ஒழுகும் இடம் தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதியில் ரொம்ப மலிவான வேலை, ரொம்பப் பேர் செய்யாத வேலை ஒன்று உண்டு: பெருக்குவது. ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் இறங்க வேண்டும். நூறு மில்லிமீட்டர் பெய்கிற நாளில் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல். அத்தனையும் பெரும்பாலான வீடுகளில் இரண்டு குழாய் வழியாகத்தான் போயாக வேண்டும். எங்கள் குழாயிலிருந்து ஒரு தடவை வேப்பஞ்சருகு, ஒரு தடவை டென்னிஸ் பந்து, ஒரு தடவை காய்ந்த நிலையில் யாருடையதோ ஒரு சாக்ஸ் வந்தது. குழாய் வாயில் ஜாலி போடுங்கள், ஆனால் தட்டையான ஜாலி வேண்டாம். ஒரு இலை விழுந்தாலே மூடிக்கொள்ளும். கூம்பு மாதிரி மேலெழும்பி இருப்பது நல்லது.

பிறகு வாட்டம். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். மழை இல்லாத மாதத்தில் நாலு பக்கெட் தண்ணீரே போதும். பத்து அடிக்கு ஒரு அங்குலமாவது குழாய்ப் பக்கம் சரிவு வேண்டும். தேங்குகிற இடத்தில் மட்டும் தட்டோடுகளைக் கொத்தி எடுத்து, வாட்டம் கொடுத்து மறுபடி பதிக்கலாம். மாடி முழுவதையும் புதிதாகப் போட வேண்டும் என்று ஆரம்பிக்கிறவர்களிடம் இன்னொருவர் கருத்தையும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

நாணயத்தால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே நடங்கள். கெட்டியாக உட்கார்ந்திருக்கும் ஓடு 'டங்' என்னும். அடியில் கலவை விட்டுப்போன ஓடு 'தொப்' என்னும். தொப் என்றவற்றுக்கு ஒரு அடையாளம். ஓட்டுக்கு நடுவிலுள்ள இணைப்புகளில் சிமென்ட் உதிர்ந்திருந்தால் பழையதைக் கம்பியால் சுரண்டி, தூசியைத் துடைத்து, லேசாக நனைத்து, வாட்டர்ப்ரூஃப் திரவம் கலந்த சிமென்டால் அடைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பக்கம், அடுத்த ஞாயிறு இன்னொரு பக்கம். இதற்குக் கொத்தனார் வேண்டியதில்லை, முட்டி வலிக்கும், அவ்வளவுதான்.

விரிசலில் இரண்டு வகை. நகம் நுழையாத மயிரிழை விரிசலுக்குக் கடையில் கிடைக்கும் கிராக் ஃபில்லர் பேஸ்டைத் தேய்த்து விட்டால் போதும். நகம் நுழைகிற விரிசலை அப்படியே மேலே பூசி மூடினால் அடுத்த வெயிலுக்கு அதே கோட்டில் பிளக்கும். அதை ஆங்கில 'வி' எழுத்து மாதிரி கொத்தி அகலமாக்கி, தூசி போகத் துடைத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்பி, மேலே ஃபைபர் வலை வைத்து இரண்டு கோட் பூச வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலை, சுவரை ஒட்டி ஒரே கோடாக வாய் பிளந்திருக்கும். அந்த மூலையைக் கூர்மையாக விடாமல், உள்ளங்கை அகலத்துக்குச் சரிவாகக் கலவை பூசி விட்டால் தண்ணீர் அங்கே நிற்காது.

சித்திரை வெயிலில் சிமென்ட் வேலை செய்வதில் ஒரு இடைஞ்சல் உண்டு. பூசிய கலவை சீக்கிரம் உலர்ந்து தானே விரிசல் விட்டுவிடும். ஈரச் சாக்கு போட்டு ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்தபின் வேலை. கூல் ரூஃப் பெயின்டோ (வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு) வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கோ அடிப்பதும் அந்த நேரத்தில்தான். ஆனால் அதற்குத் தளம் உள்ளே வரை காய்ந்திருக்க வேண்டும், கழுவின மறுநாளே அடித்தால் கொப்புளம் போடும்.

கைப்பிடிச் சுவர் இடுக்கில், குழாய் இணைப்பில், அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இலையோடு இருக்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கி இடுக்கை அடைத்துவிட வேண்டும். "கோயில் மரம், வெட்டக்கூடாது" என்று எங்கள் மாமி சொல்ல, ஒரு வருடம் விட்டு வைத்தோம். மறுவருடம் சுவரைக் கொஞ்சம் இடித்துத்தான் எடுக்க முடிந்தது. பிடுங்கிய கன்றைத் தொட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிடலாம், சமாதானம்.

சுவரும் ஜன்னலும்

ஐப்பசி கார்த்திகை மழை பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். ஆகவே அந்தப் பக்கத்துச் சுவருக்கும் ஜன்னலுக்கும்தான் முதல் செலவு. காசு குறைவாக இருந்தால் நாலு பக்கமும் ஒரு கோட் அடிப்பதைவிட வடக்கும் கிழக்கும் இரண்டு கோட் அடிப்பது புத்திசாலித்தனம்.

சன்ஷேடின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஓரத்தில் நீளவாக்கில் ஒரு காடி (பள்ளக் கோடு) இருந்தால் அந்தக் காலத்துக் கொத்தனாருக்கு ஒரு கும்பிடு. மேலே விழுந்த தண்ணீர் ஓரத்தில் வழிந்து, அடிப்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு சுவர் வரைக்கும் வந்துவிடும். அந்தக் காடி அதை அங்கேயே சொட்ட வைக்கும். காடி இல்லாத சன்ஷேடில் ஓரத்தை ஒட்டி, அடிப்பக்கம், பென்சில் கனத்துக்குச் சிமென்டால் ஒரு வரம்பு வைத்தாலே அதே பலன். ஜன்னல் திட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். சறுக்கு ஜன்னல் என்றால் அடித் தடத்தில் சின்னத் துளைகள் இருக்கும், தண்ணீர் வெளியேற. அதில் தூசியும் செத்த எறும்பும் அடைத்திருக்கும். ஒரு பழைய ஊசியால் குத்திவிட்டால் போதும். இதற்காக ஜன்னலையே மாற்றச் சொன்ன ஒரு கடைக்காரரும் எனக்கு வாய்த்தார்.

மரக்கதவு மழைக்கு ஊதிக்கொண்டு மூட வராது. ஆசாரியைக் கூப்பிட்டு உடனே இழைத்துவிடாதீர்கள். மாசியில் சுருங்கி, கொசு நுழைகிற இடைவெளி வந்துவிடும். அப்போதைக்கு மெழுகுவர்த்தியை ஓரத்தில் தேய்த்துச் சமாளியுங்கள். நன்றாகக் காய்ந்த மாதத்தில் கதவைக் கழற்றி, மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் பாருங்கள். அந்த இரண்டு இடத்தில் பெயின்டர் தொட்டே இருக்க மாட்டார். ஈரம் குடிப்பது அங்கேதான்.

ஓதத்தைப் பற்றி அதிகம் சொல்லி ஆசை காட்ட விரும்பவில்லை. சுலபமாகத் தீராது. உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு மேலே பளபளவென்று பெயின்ட் அடிப்பதுதான் ரொம்ப மோசமான யோசனை. ஒரே வருடத்தில் தோல் உரியும். முதலில் வெளியே பாருங்கள். சுவரை ஒட்டி மண் மேடு ஏறியிருக்கிறதா, செடிக்கு விடுகிற தண்ணீர் சுவரடியில் நிற்கிறதா, தெருக் குழாய் கசிகிறதா. மண்ணை வெட்டி வெளிப்புறம் சரிவாக விட்டாலே பல வீடுகளில் பாதி குறைகிறது. அப்புறம்தான் உப்புப் பூத்த பூச்சை, கறைக்கு மேலே ஒரு அடி வரை கொத்தி எடுத்து, சில வாரம் சுவரைக் காயவிட்டு, மறுபூச்சு. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்து வீடு பள்ளத்துக்குள் போய்விட்ட இடங்களில், இது தனி வீட்டுக்காரர் ஒருவர் தீர்க்கிற விஷயமும் இல்லை.

அப்படிப் பள்ளத்தில் இருக்கும் தரைத்தள வீடுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பல வீடுகளுக்குள் வாசல் வழியாகத் தண்ணீர் வருவதற்கு முன்பே கழிவறைக் கோப்பை வழியாகச் சாக்கடை மேலேறியது. வெளியே போகும் சாக்கடைக் குழாயில், போன தண்ணீரைத் திரும்ப வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட பிளம்பரிடம் கேளுங்கள். அது முடியாவிட்டால் மணல் நிரப்பிய கெட்டியான பிளாஸ்டிக் பை இரண்டு தயாராக இருக்கட்டும், கோப்பைக்கும் பாத்ரூம் ஓட்டைக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியை மூன்றடி உயர ஸ்டாண்டில் ஏற்றுங்கள். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் தானே நிறுத்திவிடும் சுவிட்ச்) இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். போர்டில் அதுவே இல்லாவிட்டால், மற்ற எந்தச் செலவுக்கும் முன் அதுதான்.

தை, மாசி: வெயிலுக்கு

மாடி வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஃபேனுக்கு அடியில் படுத்தால் ஏன் அனல் அடிக்கிறது? நாலைந்து அங்குல கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து, மெதுவாகக் கீழே இறக்குகிறது. வெளியே காற்று குளிர்ந்த பிறகுதான் நம் சீலிங் உச்சச் சூட்டுக்கு வரும். ஆகவே மாடிக்குச் சூடு ஏறாமல் தடுப்பதுதான் காரியம், ஏறின பிறகு விரட்டுவது வீண் செலவு.

இதில் ஏழைக்கும் எட்டுகிற வழி சுண்ணாம்பு. நான் செய்கிற முறை இது. கடையில் நீற்றிய சுண்ணாம்புப் பொடி கிடைக்கும், அதையே வாங்குங்கள். நீற்றாத கல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும், புதிதாகச் செய்கிறவர்களுக்கு அது வேண்டாம். ஒரு கிலோ பொடிக்கு நாலு லிட்டர் தண்ணீர். இரவு ஊறவைத்து, காலையில் பழைய வேட்டியில் வடிகட்டி, பத்துக் கிலோவுக்கு அரைக் கிலோ பெவிகால் வெந்நீரில் கரைத்துச் சேர்க்கிறேன், கையில் ஒட்டாமல் இருக்க. தளத்தைப் பெருக்கிக் கழுவி, ஈரம் இருக்கும்போதே மெல்லிசாக ஒரு கோட். ஈரம் இல்லாமல் அடித்தால் பொடிப் பொடியாக உதிரும். அடிக்கும்போது தண்ணீர் மாதிரிதான் தெரியும். "இது எங்கே வெளுக்கப் போகுது" என்று தோன்றும். காய்ந்ததும் பாருங்கள். மறுநாள் குறுக்குவாக்கில் இரண்டாவது கோட், அதற்கு மறுநாள் மூன்றாவது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

மதியம் இரண்டு மணிக்கு வெள்ளை அடித்த பாதியிலும் அடிக்காத பாதியிலும் வெறுங்காலோடு நின்று பார்த்தால் வித்தியாசம் காலே சொல்லிவிடும். அறைக்குள் ஏ.சி. போட்ட மாதிரி ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். அந்த இரண்டு மூன்று டிகிரியில்தான் தூக்கம் வருவதும் வராததும் இருக்கிறது.

சுண்ணாம்பு ஒரு வெயிலுக்குத்தான் தாங்கும், மழையில் கரைந்துவிடும். கூல் ரூஃப் பெயின்ட் விலை கூட, சில வருடம் நிற்கும். ஆனால் அழுக்குப் படிந்தால் அதுவும் வேலை செய்யாது, வருடா வருடம் கழுவ வேண்டும். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். உங்கள் மாடிக் குழாயும் கிணற்றிலோ தொட்டியிலோ சேருமானால், சுண்ணாம்பு அடித்த வருடம் முதல் இரண்டு மழையை வெளியே திருப்பிவிடுங்கள்.

பூச்சைவிட நிழல் ஒரு படி மேல். படுக்கையறைக்கு மேலே மட்டும் நாலு சவுக்குக் கம்பு நட்டு, தென்னங்கீற்றோ 75 சதவீதம் நிழல் தரும் பச்சை வலையோ ஆறடி உயரத்தில் கட்டினால் தளத்தில் பெரும்பாலான வெயில் படாது, இடையில் காற்றும் ஓடும். கம்பை நிறுத்த மாடியைத் துளைக்காதீர்கள், என் நாலு துளைக் கதை ஞாபகம் இருக்கட்டும். பழைய பெயின்ட் டப்பாவில் கான்கிரீட் போட்டு, அதில் கம்பை நடலாம்.

ஜன்னல் விஷயத்தில் மேற்குப் பக்கத்தைக் கவனித்தால் போதும். உள்ளே தொங்கும் திரைச்சீலை வெளிச்சத்தைத் தடுக்கும், சூடு அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். மூங்கில் தட்டியை வெளியே தொங்கவிட வேண்டும். வெட்டிவேர் தட்டியில் தண்ணீர் தெளித்தால் வாசனையும் குளுமையும் வரும்தான், ஆனால் அது மதுரை, திருச்சி, வேலூர் மாதிரி வறண்ட காற்றடிக்கும் ஊருக்கு. சென்னையின் புழுக்கத்தில் தண்ணீர் எளிதில் ஆவியாகாது. வாசனை மட்டும் மிஞ்சும். சென்னைக்காரர்களுக்கு வேறொரு வரம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் எல்லாவற்றையும் மூடி வைத்து, மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறங்கள். அது வருகிற நேரம் இடத்தைப் பொறுத்து மாறும். கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சீலிங்கில் தெர்மாகோல் ஒட்டுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். போதாததற்கு, மேலே ஒழுகுவது தெரியாமல் மறைத்துவிடும்.

ஷீட்டும் ஓடும்

சிமென்ட் ஷீட் வீட்டுக்கும் சுண்ணாம்பு அடிக்கலாம், பலன் இன்னும் அதிகம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டவோ, துளையிடவோ, உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்கவோ கூடாது; அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். ஷீட்டின் மேல் நேராகக் காலை வைக்காதீர்கள். அடியில் சட்டம் போகிற இடமாகப் பார்த்து, குறுக்கே பலகை போட்டு அதன் மேல்தான். ஒழுகல் பெரும்பாலும், ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே-போல்ட்டின் வாஷர் காய்ந்து சுருங்கிப்போன இடத்தில். வாஷரை மாற்றினால் தீர்ந்தது. ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. வருடம் ஒரு தரம் ஓடு மாற்ற வேண்டும், பழைய ஓடு பத்து இருபது எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆடி முதல் புரட்டாசி வரை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; பச்சை வலை எம்மாத்திரம். ஆடி பிறப்பதற்குள் பந்தலைப் பிரித்து, வலையைச் சுருட்டி எலி கடிக்காத இடத்தில் வையுங்கள். சித்திரையில் செய்த வேலை சரியா என்று ஆவணி மாத மாலை இடிமழை இலவசமாகச் சோதித்துக் கொடுத்துவிடும். குறை தெரிந்தால் சரிசெய்ய இன்னும் ஒரு மாதம் இருக்கும்.

புரட்டாசிக் கடைசியில் மறுபடி ஒரு பெருக்கல், குழாயில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று ஒரு பார்வை. தென்னை இருந்தால் காய்ந்த மட்டையும் குலையும் இறக்கிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பூந்தொட்டி, உடைந்த நாற்காலி எல்லாம் கீழே இறங்க வேண்டும். மாடி பிளாஸ்டிக் டேங்கை நிரப்பி வையுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது காலி டேங்க் உருண்டதைப் பார்த்தவன் நான். நிரம்பிய ஆயிரம் லிட்டர் டேங்க் ஒரு டன் எடை, எளிதில் நகராது. கரண்டு இல்லாத இரண்டு நாளுக்குத் தண்ணீரும் ஆயிற்று.

மழை பெய்யும்போது

மழை தொடங்கியபின் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. சீலிங்கில் ஈரம் தெரிந்தால், பக்கெட்டை வைத்துவிட்டு, ஏணி போட்டு ஏறி, கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதி, மழை தொடங்கி எத்தனை மணி நேரம், காற்று எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். அடுத்த மழைக்குக் கறை பெரிதானால் அதற்கும் ஒரு கோடு. வீட்டுக்காரம்மா திட்டுவார், வருகிறவர்கள் கேட்பார்கள், பொங்கலுக்கு வெள்ளையடித்து மறைக்கச் சொல்வார்கள். போட்டோ எடுத்து வைக்காமல் அடிக்க விடாதீர்கள். சித்திரையில் மேஸ்திரி வந்து, "எந்த மழைக்கு சார் ஒழுகுது?" என்று கேட்கும்போது காட்ட அதுதான் இருக்கும்.